ஊரையெல்லாம் கேட்டவர்

அந்தமானில், வண்டூர் ஜெட்டியில் அவரைப் பூச்தாச் என்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அது இங்கே வேண்டாம். கப்பல் டிக்கெட் எடுக்கும் இடத்தில் விசாரணை ஜன்னலுக்கு மேலே இந்தியில் எழுதியிருக்குமே, பூச்தாச் என்று, அதுதான். அங்கே நாம் போய்க் கேட்போம். இவர் வந்து நம்மைக் கேட்பார். அதுதான் வித்தியாசம்.

சுற்றுலா போட்டுக்கு அவர் சாராங். ஸ்டீரிங் அவர் கையில், எஞ்சின் என் கையில். பல வருஷம் ஒன்றாக ஓடினோம். பிறகு எனக்கு இடுப்பு போய்விட்டது. இப்போது கராச்சர்மாவில் ஒரு ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அவரைப் பார்த்து நாளாகிறது.

எதற்கும் கேட்பார். "டே, ஒரு சங்கதி கேக்கணும்" என்று ஆரம்பிப்பார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, டாக்டரிடம் சொல்வது போல மெதுவாகச் சொல்வார். என்னவோ ஏதோ என்று நாம் காதைக் கொடுத்தால், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி தகரத்தில் போடுவதா பிளாஸ்டிக்கில் போடுவதா என்பதாக இருக்கும்.

ஒரு தரம் அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கலாமா என்று என்னைக் கேட்டார். ஜெட்டியில் இளநீர் விற்கிற பெங்காலியைக் கேட்டார். போர்ட் பிளேர் பஸ்ஸில் முன் சீட்டு பின் சீட்டெல்லாம் கேட்டார். பிடுங்கு என்றவனுக்கும் "சரிதான்" என்றார். பிடுங்காதே என்றவனுக்கும் "சரிதான்" என்றார். கேட்டு முடிப்பதற்குள் பல் தானே விழுந்துவிட்டது.

"பாத்தியாடே, அவசரப்பட்டிருந்தா வீணா ஒரு ஊசி" என்றார்.

போட்டுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று முதலாளி அவரிடம் விட்டார். விட்டிருக்கக் கூடாது. ஜெட்டியில் பாதிப் பேர் நீலம் என்றார்கள், பாதிப் பேர் பச்சை என்றார்கள். கீழே பச்சை, மேலே நீலம் அடித்தார். முதலாளி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஆனால் தண்ணீரில் அவர் யாரையும் கேட்கமாட்டார்.

அதை நான் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். ஒரு நாள் காலை, போட்டு நிறைய ஆட்கள். வெயில் நன்றாக இருந்தது. பாதி வழி போனபிறகு அவர் தென்மேற்கே ஒரு தரம் பார்த்தார். ஸ்டீரிங்கை வளைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. போட்டு திரும்பிவிட்டது. சுற்றுலா ஏஜென்ட் கத்தினான். "அரே, க்யா ஹுவா? மவுசம் ஏக்தம் சாஃப் ஹை" என்றான். வானம் சுத்தமாக இருக்கிறதே என்று அவன் கேட்டதில் தப்பில்லை. இவர் ஜெட்டியில் கொண்டுவந்து கட்டிவிட்டார்.

அன்று காற்றும் வரவில்லை, மழையும் வரவில்லை. சாயங்காலம் வரை கடல் தட்டில் வைத்த தண்ணீர் போலக் கிடந்தது. ஏஜென்ட் வந்து திட்டிவிட்டுப் போனான். வேறு ஆளாக இருந்தால் குன்றிப்போயிருப்பான். இவர் யாருடைய வலையையோ தைத்துக்கொண்டிருந்தார். "வரலண்ணே" என்றேன். "ஆமா, வரல" என்றார். அவ்வளவுதான்.

கரையில் ஒரு தொட்டி மூடிக்கு ஊரையே கேட்கிறவரும் இவர்தான்.

அவருக்கு மூத்தது பெண். ஜெனி. அடுத்தது இரண்டும் சின்னது. ஜெனி பத்தாவது முடிக்கிற வருஷம், மெயின்லேண்டில் இருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்தார்கள். பரீட்சை வைத்தார்கள், உட்கார வைத்துப் பேசினார்கள், பிறகு போனில் பேசினார்கள். கடைசியில் அவளை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூர் தாண்டி மலைமேல் இருக்கிறது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூவுக்குப் பதிலாக இரண்டு வருஷம் இன்டர்நேஷனல் டிப்ளமா. செலவு முழுக்க அவர்களுடையது. வருவதாக இருந்தால் மாதக் கடைசிக்குள் பதில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

வீட்டில் அவளைக் கேட்டிருக்கிறார். "போறேம்பா" என்றிருக்கிறாள். யோசிக்கக்கூட இல்லையாம்.

மறுநாள் காலை எஞ்சின் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தார்.

"டே, ஒரு சங்கதி கேக்கணும்."

"சொல்லுங்கண்ணே."

முழுக்கச் சொன்னார்.

"எனக்கு என்னண்ணே தெரியும். நான் ஆறாவது" என்றேன்.

"ஆமா, உன்கிட்டப் போய்க் கேட்டேம் பாரு" என்றார். அடுத்த நாளும் வந்து கேட்டார்.

அந்த மாதம் முழுக்க இதே வேலை. பங்குச் சாமியாரைக் கேட்டார். ஜெபம் பண்ணு என்றார் அவர். பஸ் கண்டக்டரைக் கேட்டார். "டிப்ளமாவா? அதுக்கு எதுக்கு மெயின்லேண்ட் போவணும், இங்கயே பாலிடெக்னிக் இருக்கே" என்றார் அவர். "சரிதான்" என்று இவர் ஜெனியிடம் போய்ச் சொல்ல, அவள் இது அந்த டிப்ளமா இல்லை என்று தொடக்கத்திலிருந்து சொல்லிப் புரியவைத்தாளாம். ஆறு பாடம், அதில் மூன்றை ஆழமாகப் படிக்க வேண்டும், நீளமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஊருக்கு ஏதாவது வேலையும் செய்து காட்ட வேண்டும். இதையெல்லாம் அவர் மறுநாள் என்னிடம் சொன்னார். பாதிதான் ஞாபகம் வைத்திருந்தார். மீதிப் பாதியை ஜெட்டியில் கேட்டார்.

போட்டில் வருகிறவர்களைக் கேட்பதுதான் அவருக்குத் தோது. தீவில் போய் நின்றதும் எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். நீச்சல் பயம் உள்ளவர்கள், வயதானவர்கள், வாந்தி எடுத்தவர்கள் போட்டிலேயே கிடப்பார்கள். அவர்களால் எழுந்து எங்கேயும் போக முடியாது. அவர்களிடம் போய் உட்கார்ந்துவிடுவார்.

கோயம்புத்தூர் பேங்க்காரர் ஒருவர், "கண்ண மூடிட்டு அனுப்புங்க. இந்தச் சான்ஸ் யாருக்குக் கிடைக்குது" என்றார். ரிட்டயர்டு ராணுவக்காரர் ஒருவர் வாந்திக்கு நடுவில், "லட்கி கோ இத்னி தூர்? நை, நை" என்றார். பெண்ணை அவ்வளவு தூரமா, வேண்டாம் என்று.

திரும்பி வரும்போது என்னிடம் வருவார்.

"அனுப்புங்கான் பேங்க்காரன்."

"சரிண்ணே."

"மேஜரு அனுப்பாதங்கான்."

"சரிண்ணே."

"எல்லாத்துக்கும் சரிண்ணேன்னா எப்பிடிடே?"

"நீங்க எல்லாத்துக்கும் சரிதான்ங்கிறீங்களே."

சிரிக்கமாட்டார். மூக்கைத் தேய்த்துக்கொள்வார்.

கொஞ்ச நாள் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அனுப்பு என்று யாராவது சொன்னால் "சரிதான்" என்று எழுந்துவிடுவார். அனுப்பாதே என்று சொன்னால் எழுந்திருக்கமாட்டார். "ஏன் சொல்லுதீய?" என்று இன்னும் கிட்டே போவார். அந்த மேஜருக்குத் தன் சாப்பாட்டுத் தூக்கில் இருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கொடுத்தார். பேங்க்காரருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பல் விஷயத்தில் இப்படி இல்லை. பெயின்ட் விஷயத்திலும் இல்லை. இந்தத் தரம் அவர் கேட்கவில்லை, தேடினார்.

நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டது. கராச்சர்மாவில் ஏறிய ஒரு ஆபீஸ்காரர் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார். இங்கேயே ப்ளஸ் டூ படித்த பிள்ளைகளுக்குத்தான் மெயின்லேண்ட் காலேஜ்களில் தீவு கோட்டா, டாக்டர் சீட்டு, இன்ஜினியர் சீட்டு எல்லாம். வெளியே போய்ப் படித்தால் அது போய்விடும். இது எவ்வளவு தூரம் சரி என்று எனக்குத் தெரியாது. இவர் முகம் அன்று சலவை வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. ஜெட்டியில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

"கோட்டா போயிரும்டே. அத விட்டுட்டு எவனாவது போவானா?"

சாயங்காலம் ஜெனி ஸ்கூல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றோம். அவளிடம் சொன்னார். அவள் பையை ஒரு தோளில் இருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"நான் எப்பப்பா டாக்டராவணும்னு சொன்னேன்?"

"இன்ஜினியரு இருக்குல்லா."

"அதுவும் சொல்லல."

"பெறவு என்னதான் ஆவப்போற?"

"தெரியல. அங்க போனா தெரியும்."

"தெரியாமலா போவாங்க?"

"நீங்க கடலுக்குப் போறப்ப மீனு எங்க கெடக்குன்னு தெரிஞ்சா போவீங்க?"

"நான் மீனுக்குப் போறத விட்டு எம்புட்டு வருசமாச்சு" என்றார். அவள் என்னைப் பார்த்து, "சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். "என்னய இழுக்காத பிள்ள" என்றேன். மூன்று பேரும் நடந்தோம். வழியில் எதிரே வந்த மேஸ்திரி ஒருவரிடம் அவர் கோட்டாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். ஜெனி நிற்காமல் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளை அழுது அடம்பிடித்து நான் பார்க்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தினமும் வந்து, "இன்னிக்கு யாரு, என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்பாள். அவர் சொல்வார். "சரி" என்று உள்ளே போய்விடுவாள். அந்த அக்கா, அவர் வீட்டம்மா, என்னிடம் சொன்னது இது. "ரெண்டும் சண்ட போட்டாலாவது ராத்திரி தூங்கலாம் தம்பி. இது என்னன்னே தெரியல" என்றார்.

மாதக் கடைசி வந்துவிட்டது. அந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கூட்டத்தோடு வந்தவர்தான். அலை கொஞ்சம் இருந்தது. தீவு போவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அவர் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் எலுமிச்சம்பழத்தோடு போனார். நான் எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

என்ன வேலை என்று இவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வேலை என்றார் அந்த அம்மா. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். அந்த அம்மா சொன்னதும் இவர் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாவின் பள்ளிக்கூடத்திலும் இதே இன்டர்நேஷனல் டிப்ளமாதான். அதை நடத்துவதே அந்த அம்மாதானாம்.

முழுக்கச் சொன்னார். அந்த அம்மா தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"நல்ல படிப்புதாங்க. கஷ்டம். ராத்திரியில தூங்காதுங்க பிள்ளைங்க. அழுவாங்க. அப்புறம் சரியாயிடும். சிலருக்கு ஆகாது. செலவு அவங்க பாத்துக்கிறாங்கன்னா நல்ல விஷயம்."

"அனுப்பலாங்கீயளா?"

"நான் எப்படிங்க சொல்றது."

"உங்களுக்குப் பிள்ளைய உண்டா?"

"ஒரு பையன்."

"அவனையும் இதுலதான போட்டிய?"

அந்த அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்.

"இல்லைங்க. அவன் டெல்லி பக்கம் ஒரு ஸ்கூலுக்குப் போறேன்னான். இதே டிப்ளமாதான். வேணாம்னுட்டேன். பக்கத்துல சாதாரண ஸ்கூல்ல போட்டேன்."

இவர் இன்னும் கிட்டே நகர்ந்தார்.

"ஏன்?"

"வீட்ல இருக்கணும்னு எனக்கு ஆசை. அவ்வளவுதான். மத்தவங்ககிட்ட வேற காரணம் சொன்னேன். அவன்கிட்டயும்."

"இப்ப?"

"வீட்லதான் இருக்கான்" என்றார். தண்ணீரைப் பார்த்தார். "எங்கூடப் பேசறது இல்ல."

அந்த அம்மாவுக்கு வாந்தி வந்தது. இவர் முதுகைத் தடவிவிடப் போனார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும்போது ஸ்டீரிங்கில் நின்றார். நான் பக்கத்தில் போனேன். வழக்கமாக அவர்தான் வருவார்.

"நெனச்ச மாதிரியே சொல்லிட்டா டே" என்றார்.

"சரிண்ணே."

"அந்தப் படிப்ப நடத்துதவளே வேண்டாம்னுட்டா. இதுக்கு மேல என்ன வேணும்."

"ஆமாண்ணே."

கொஞ்ச தூரம் போனோம். ஜெட்டி தெரிந்தது.

"மனசு லேசாவலயே டே" என்றார்.

போட்டைக் கட்டினோம். ஆட்களை இறக்கினோம். அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பெங்காலி ஏதோ கேட்டான், காதில் வாங்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நானும் போனேன்.

ஜெனி இறங்கினாள். அன்றைக்கும் பை ஒரு தோளில்தான்.

"எழுதி அனுப்பிரு" என்றார்.

"என்னத்த?"

"வாறேன்னு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இன்னிக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றார்.

அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பயந்ததாகத்தான் தெரிந்தது. ஒரு மாதமாக நெட்டித் தள்ளிய கதவு சட்டென்று திறந்தால் ஆள் தடுமாறுவான் இல்லையா, அப்படி நின்றாள். பிறகு "சரிப்பா" என்றாள். வீட்டுக்கு நடந்தோம். மேஸ்திரி எதிரே வந்தார். "என்னாச்சு அந்தக் கோட்டா?" என்று அவராகக் கேட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜெனி விமானத்தில் போனாள். ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். அக்கா அழுதார். சின்னதுகள் இரண்டும் விமானம் பார்த்தன. இவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்தாயா, சாப்பிட்டாயா, போய்ச் சேர்ந்ததும் போன் போடுவாயா, ஒன்றும் இல்லை. பையைத் தூக்கிக் கொடுத்தார்.

அதிலிருந்து அப்படித்தான். வெற்றிலை வாங்கவே நாலு பேரைக் கேட்ட மனுஷன் யாரையும் எதையும் கேட்பதில்லை. ஜெட்டியில் முதலில் கேலி செய்தார்கள். "க்யா பூச்தாச், ஆஜ் சுட்டி ஹை க்யா?" என்பார்கள். கவுண்டருக்கு லீவா என்று. பிறகு அந்தப் பெயரே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அடுத்த வருஷம் போட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது வெள்ளை அடித்துவிட்டார். முதலாளியைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. எஞ்சின் பெட்டிப் பக்கம் அவர் வந்து உட்காருவார் என்று சும்மா இடம் விட்டு உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி போன் பண்ணுவாள். அக்கா பேசுவார், சின்னதுகள் பேசும், இவர் கையில் கொடுத்தால் "ம்" என்பார். "சரி, அம்மாட்ட பேசு" என்பார்.

"அப்பா ஒண்ணுமே கேக்க மாட்டேங்காருன்னு அவளுக்கு வருத்தம் தம்பி" என்று அக்கா என்னிடம் சொன்னார். "நீ ஒரு வார்த்த சொல்லேன்."

நான் சொல்கிற ஆள் இல்லை. இருந்தாலும் ஒரு நாள் சொன்னேன். "பிள்ளைகிட்ட நல்லாருக்கியான்னு கேட்டா என்னண்ணே?"

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முழுக்கச் சுருட்டிவிட்டுத்தான் பேசினார்.

"கேட்டா, கஷ்டமா இருக்குப்பான்னு சொல்லிருவா. சொல்லிட்டான்னா நான் வந்துருன்னுருவேன். வாய் நிக்காது டே எனக்கு."

லீவுக்கு ஒரு தரம் வந்தாள். மெலிந்திருந்தாள். முதல் நாலு நாள் தூங்கினாள். பிறகு அந்த நீளக் கட்டுரைக்காக என்று சொல்லி, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜெட்டிக்கு வந்தாள். தமிழ் ஆட்கள், பெங்காலி ஆட்கள், தெலுங்கு ஆட்கள் எல்லோரும் இங்கே எப்படி இந்தி பேசுகிறார்கள் என்பதுதான் கட்டுரையாம். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, இது உங்க வீட்டில் எப்படிச் சொல்வீர்கள், யாரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டாள். இளநீர்க்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் சிரித்தேன். இவர் போட்டுக்குள் போய் எஞ்சினைத் திறந்து பார்த்தார். எஞ்சினில் கோளாறு ஒன்றும் இல்லை. அது என் வேலை.

இரண்டு வருஷம் முடிந்து அவள் அங்கிருந்து அப்படியே வெளிநாடு போனாள். படிக்கத்தான். அதற்கும் பணம் அவர்களே கொடுத்தார்கள். இங்கே வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. மரியாதை குறையவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்ம் ஏரியாவிலிருந்து ஒரு ஆள் அவரைத் தேடி வந்தான். ஏசி ரிப்பேர் செய்கிறவன். அவன் மகளுக்கும் இதே மாதிரி ஒரு டிப்ளமா சீட்டு வந்திருந்தது. பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. போட்டு கிளம்புகிற நேரம். ஜெட்டி ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டான்.

"அண்ணே, அனுப்பலாமா? ஊருல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க அனுப்புனவங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

இவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனும் பல ராத்திரி தூங்காதவன் மாதிரிதான் இருந்தான்.

"என்னயக் கேட்டா அனுப்பாதன்னுதான் சொல்லுவேன். அதனால என்னயக் கேக்காத" என்றார்.

அவனுக்கு விளங்கவில்லை.

"அப்ப நீங்க ஏண்ணே அனுப்புனீங்க?"

"போறேன்னா. அனுப்பாம இருக்க ஊரெல்லாம் காரணம் தேடுனேன். கெடச்சிச்சு, கெடைக்காம இல்ல. நெறைய கெடச்சிச்சு. எல்லாம் எனக்குள்ளது. அவளுக்குன்னு ஒண்ணுகூட கெடைக்கல."

ஸ்டீரிங்குக்குப் போய்விட்டார். எனக்குக் கையைக் காட்டினார். நான் எஞ்சினைப் போட்டேன். அந்த ஆள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். நாங்கள் வெளியே வந்தபிறகு பார்த்தேன், பஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

மகளை அனுப்பினானா இல்லையா, எனக்குத் தெரியாது. அவரும் விசாரிக்கவில்லை.